லூமுட்டிலிருந்து வரும் பூ

லூமுட்,
12 ஜூன் 1977

அன்புள்ள மங்களம் அக்காவுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் முத்தம்மா. வெள்ளிக்கிழமை தோறும் ஈப்போவில் உங்கள் பூக்கடைக்கு வருகிற மல்லிகையும் கனகாம்பரமும் நான் பறித்து அனுப்புகிறவை. உங்கள் தம்பி சின்னையா அவற்றை மீன் லாரியின் முன்சீட்டில் ஐஸ் வாளிக்குள் வைத்துக் கொண்டுவந்து, லூமுட் தவுக்கே தோட்டத்துப் பூ என்று உங்களிடம் சொல்வாராம். அந்த முதலாளிக்குத் தோட்டம் எதுவும் இல்லை அக்கா. கடற்கரையில் அவருக்கு ஒரு பங்களா இருக்கிறது. என் அப்பா பத்துமலை அதற்குக் காவல்காரர். பங்களாவுக்குப் பின்னால் எங்கள் பலகை வீடு. அதைச் சுற்றித்தான் செடி வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். படித்ததும் கோபப்படாதீர்கள். உங்கள் தம்பி இரண்டு வருடத்துக்கு முன்னால் சித்தியவானில் அம்மன் கோவிலில் எனக்குத் தாலி கட்டினார். "அக்காதான் என்னை வளத்துச்சி. அதுவே பொண்ணு பாக்கணும்னு இருக்கு. நேரம் பாத்து நானே சொல்றேன், நீ எழுதிறாத" என்று சொல்லியிருந்தார். அதனால் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இப்போது முடியவில்லை. மூன்று வாரமாக அவர் வரவில்லை. இன்னொரு லாரி ஓட்டுகிற ராமையா அண்ணனைப் பிடித்துக் கேட்டேன். புருவாஸ் பக்கம் லாரி கவிழ்ந்து கால் உடைந்துவிட்டதாம், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். "ஒண்ணும் பயமில்லலா" என்கிறார், ஆனால் என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறார். அதுதான் எனக்குப் பயம்.

ஓடி வந்திருப்பேன். ஐந்து மாதக் கர்ப்பம். போன மாதம் கொஞ்சம் இரத்தம் பட்டது. பஸ் ஏறவே கூடாது என்று கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி சொல்லிவிட்டார். உங்கள் தம்பிக்கோ எழுத வராது. நீங்கள்தான் எழுதவேண்டும். கால் ஒட்டிவிடுமா? சாப்பிடுகிறாரா? என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

உங்களுக்குப் பூ நிற்கக்கூடாது என்று ராமையா அண்ணன் லாரியில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
முத்தம்மா


புந்தோங், ஈப்போ,
15 ஜூன் 1977
(அனுப்பாத கடிதம்)

முத்தம்மா என்கிறவளுக்கு,

சின்னையாவுக்கு அக்காவே கிடையாது. நான் அவர் பெண்டாட்டி. பதினொரு வருடமாகப் பெண்டாட்டி. சுங்கை சிப்புட் தோட்டத்தில், கணக்கெழுதுகிற பெரிய கிராணி முதல் பால் வெட்டுக்காரர்கள் வரை எல்லோரும் சாப்பிட்டுப் போன கல்யாணம்.

உன் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே படித்தேன். உன் பூ பக்கத்தில் வாளியில் இருந்தது. ஒரு அம்மா வந்து இரண்டு முழம் கேட்டார். அளந்து கொடுத்தேன். மீதிச் சில்லறையும் சரியாகக் கொடுத்தேன். அவர் போன பிறகு கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

லூமுட் பூவில் எப்போதும் மணல் இருக்கும். உதறித்தான் கட்டவேண்டும். கடையில் எனக்குக் கூடமாட இருக்கிற நல்லம்மாளிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அதில் ஒரு முழம் எடுத்து என் புருஷன் கையில் கொடுத்து, தலையைக் குனிந்து நிற்பேன். அவர் வைத்துவிடுவார். உன் பூவை எனக்கு வைத்துவிடுவார்.

எனக்குப் பிள்ளை இல்லை. அதற்காக நான் கேட்காத பேச்சு இல்லை. நீ ஐந்து மாதம் என்கிறாய்.

இதை உனக்கு அனுப்பினால் நீ எழுதுவதை நிறுத்திவிடுவாய். அவரைக் கேட்டால் ஒரு பொய்யை மூட இன்னொரு பொய் சொல்வார். எனக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும். அக்கா என்று நினைத்துத்தானே எழுதுகிறாய், எழுது.


புந்தோங், ஈப்போ,
15 ஜூன் 1977

முத்தம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தம்பிக்கு வலது தொடை எலும்பு முறிந்திருக்கிறது. காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. அவர் நன்றாகச் சாப்பிடுகிறார். இரண்டு மாதத்துக்கு மேல் படுத்திருக்க வேண்டும் என்கிறார் டாக்டர்.

நீ வரவேண்டாம். மிஸ்ஸி சொன்னபடி கேள். நீ எழுதியதை அவரிடம் நான் சொல்லவில்லை. படுத்திருக்கிறவரைக் கலக்கவேண்டாம். நீயும் ராமையாவிடம் சொல்லாதே.

ஆனால் எனக்குத் தெரியவேண்டும். அவரை எப்படிப் பார்த்தாய், அங்கே வந்தால் என்ன செய்வார், செடியெல்லாம் யார் வைத்தது, எதையும் விடாமல் எழுது.

மங்களம்


லூமுட்,
24 ஜூன் 1977

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். "தம்பியப் போயி அவருங்கறாங்களே, ரொம்ப மரியாத தெரிஞ்ச குடும்பம்லா" என்றார். என்னைத் திட்டாமல் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் மறக்கமாட்டேன்.

நாங்கள் ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்கள். அந்தத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். அப்பாவுக்கு இந்தக் காவல் வேலை கிடைத்தது. நான் கடலைப் பார்த்தது அன்றுதான். மர நிழலிலேயே வளர்ந்தவளுக்கு அவ்வளவு வெளிச்சம் பயமாக இருந்தது. பொழுது போகாமல் செடி வைத்தேன். ஒன்றும் நிற்கவில்லை. மணலில் ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகிறதென்றே தெரியாது.

ஒரு நாள் தவுக்கே வீட்டுக்கு மீன் கொடுக்க உங்கள் தம்பி வந்தார். நான் காய்ந்துபோன மல்லிகைக் குச்சியைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். "வெறும் மணல்ல வச்சா எப்படி வரும்? அடியில அதுக்குத் தின்ன ஏதாச்சும் போடு" என்றார். அடுத்த முறை வந்தபோது ஒரு டின் நிறைய மீன் தலையும் குடலும் கொண்டுவந்தார். முழங்கை ஆழம் தோண்டிப் புதைத்து, மேலே தேங்காய் மட்டை அடுக்கி, புருவாஸிலிருந்து சாக்கில் கொண்டுவந்த கறுப்பு மண்ணைக் கொட்டினார். அந்த வாரம் முழுக்க ஊர்ப் பூனையெல்லாம் எங்கள் வீட்டில்தான். ஆனால் செடி பிடித்துக்கொண்டது. கடற்பாசியைக்கூட அள்ளி வந்து போடுவோம். அப்படியே போட்டால் செடி செத்துவிடும். இரண்டு மழை அதன்மேல் பெய்து உப்புப் போகவேண்டும். அதை ஒரு வரிசைச் செடியைச் சாகக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டோம்.

அவர் இங்கே இருந்தால் விடியும்போதே எழுப்பிவிடுவார். கடல் உள்வாங்கியிருக்கும். நடந்துகொண்டே இருப்போம். ஈர மணலில் நகத்தளவு நண்டுகள் பயறு பயறாக மணலை உருட்டி, வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி வைத்திருக்கும். கால் வைக்க மனசு வராது. ஒரு நாள் பெலாங்காஸ் நண்டு பார்த்தோம். கவிழ்த்துப் போட்ட இரும்புச் சட்டி மாதிரி இருக்கும், பின்னால் ஈட்டி போல ஒரு வால். பெரிது ஒன்று, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு சின்னது ஒன்று. அலை மணலில் ஒதுக்கிவிட்டுப் போயிருந்தது. தூக்கினாலும் சின்னது பிடியை விடவில்லை. இரண்டையும் சேர்த்தே கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டார்.

வேலி ஓரம் ஒரு மரம் இருக்கிறது. பூவரசு என்று நினைத்திருந்தேன். மலாய்க்காரர்கள் அதைப் பாரு என்கிறார்கள். காலையில் மஞ்சளாகப் பூக்கிறது, மத்தியானம் ஆரஞ்சு, சாயங்காலம் சிவந்துபோய் விழுந்துவிடுகிறது. எல்லாம் ஒரே பூ என்று கண்டுபிடித்தது நான்தான். வெவ்வேறு பூ என்று அவர் சண்டைபோட்டார். ஒரு பூவில் நூல் கட்டிவிட்டு நாள் முழுக்கக் காட்டினேன். ஒத்துக்கொண்டார்.

இந்த வருட வெயில் சரியில்லை அக்கா. மழையைக் காணோம். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. மல்லிகை இலை ஓரமெல்லாம் தீய்ந்து சுருண்டுவிட்டது. அவர் இருந்தால் டின்னில் நல்ல தண்ணீர் கொண்டுவருவார். நான் குடம் தூக்கக்கூடாது. அப்பா முடிந்த அளவு ஊற்றுகிறார். போன வாரம் பூ குறைவாக வந்திருக்கும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

முத்தம்மா


புந்தோங், ஈப்போ,
9 ஜூலை 1977

முத்தம்மாவுக்கு,

உன் நீளமான கடிதத்தைப் படித்தேன். எனக்கு அவ்வளவு எழுத வராது.

இங்கே வீட்டு வாசலில் ஒரு துளசி இருக்கிறது. அதற்குக்கூட அவர் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை. லாரியிலிருந்து இறங்கினால் சாப்பாடு, தூக்கம். பேச்சுக்கூட இரண்டு வார்த்தைதான். நீ எழுதுகிற ஆள் யாரென்று எனக்குத் தெரியவில்லை.

உப்புத் தண்ணீரை ஊற்றாதே. செடி காய்ந்தாலும் பிழைத்துக்கொள்ளும், உப்பு ஏறினால் வேர் போய்விடும். சோறு வடிக்கிற தண்ணீர், அரிசி கழுவுகிற தண்ணீர் எல்லாவற்றையும் பிடித்து ஊற்று. மொட்டை இப்போது பறிக்காதே, கிளையை வெட்டிவிடு. பூ வராவிட்டால் பரவாயில்லை. நான் வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறேன்.

காலில் கட்டிய எடையை இன்னும் எடுக்கவில்லை. பார்க்கப் போனால் "பூ வந்துச்சா?" என்று கேட்கிறார். வந்தது என்று சொன்னால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். முன்பெல்லாம் இது எனக்கு விளங்கியதில்லை.

வராதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

மங்களம்


லூமுட்,
29 ஜூலை 1977

அன்புள்ள அக்காவுக்கு,

நல்ல செய்தி. பிள்ளை நன்றாக இருக்கிறது, இனிமேல் மெதுவாகப் பஸ் ஏறலாம் என்று மிஸ்ஸி சொல்லிவிட்டார். நீங்கள் சொன்னபடி கிளையை வெட்டினேன். வெட்டும்போது அழுகை வந்தது. இப்போது எல்லா மூட்டிலும் துளிர் விட்டிருக்கிறது. மழையும் ஒரு நாள் பெய்தது.

உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். அடுத்த மாதம் எனக்கு ஏழு. அம்மா இல்லாத எனக்கு வளையல் போட யாருமில்லை. அத்தை சித்தி என்று இருந்தவர்களெல்லாம் தோட்டம் விற்றபோது எங்கெங்கோ போய்விட்டார்கள். நாத்தனார் கையால் போட்டால் நல்லதென்று அப்பா சொல்கிறார். பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்திலேயே வைத்து இரண்டு கண்ணாடி வளையல் போட்டுவிடுங்கள். அவர் பார்த்தால் போதும்.

ஆகஸ்ட் 19, வெள்ளிக்கிழமை வருகிறேன். அப்பாவும் வருகிறார். வரக்கூடாது என்றால் எழுதுங்கள். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் முகத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

முத்தம்மா


புந்தோங், ஈப்போ,
17 ஆகஸ்ட் 1977

முத்தம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. தினமும் காகிதத்தை எடுப்பேன், வைத்துவிடுவேன். வளையல்கூட வாங்கினேன். எதற்கு வாங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. நேற்று அவரிடம் கேட்டுவிட்டேன். அதனால் இன்று எழுத முடிகிறது.

நான் அவருக்கு அக்கா இல்லை. பெண்டாட்டி. உனக்கு ஒன்பது வருடம் முன்னால் எனக்குத் தாலி கட்டியவர்.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "லூமுட்டுல முத்தம்மா எப்படி இருக்கா?" என்றேன். காலில் தொங்குகிற எடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு சொன்னா? ராமையாவா?"

"அவதான் சொன்னா. எனக்குக் கடுதாசி எழுதுறா. என்னைய அக்காங்கறா."

போர்வையை இழுத்து மேலே போட்டுக்கொண்டார். அடுத்த கட்டில் சீனக் கிழவர் எங்களையே பார்த்தார். கடைசியில், "அவகிட்ட சொல்லிறாத மங்களம். அவ தாங்கமாட்டா" என்றார்.

"நான் தாங்குவனா?" என்று கேட்டேன்.

"நீ தாங்குவ" என்றார்.

இதை எழுதும்போதும் அந்த வார்த்தை காதில் கேட்கிறது.

உன்னிடம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் எழுத வைத்தேன். அவரைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான். பிறகு, உண்மையைச் சொல்லட்டுமா, உன் கடிதம் எப்போது வரும் என்று இருந்தது. படித்தால் வயிறு எரியும். வராவிட்டாலும் எரியும்.

வெள்ளிக்கிழமை வராதே. இந்த உடம்போடு ஆஸ்பத்திரியில் வந்து நின்று இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன்.

மங்களம்


லூமுட்,
26 ஆகஸ்ட் 1977

மங்களம் அவர்களுக்கு,

உங்கள் எக்ஸ்பிரஸ் தபால் எனக்குச் சனிக்கிழமை கிடைத்தது. நான் வெள்ளிக்கிழமையே போய்வந்துவிட்டேன்.

அப்பாவைக் கீழே உட்காரவைத்துவிட்டுப் படியேறினேன். மிஸ்ஸியிடம் சின்னையா எந்தக் கட்டில் என்று கேட்டேன். சின்ன வயது மிஸ்ஸி. "நீங்க யாரு, சொந்தமா? கொஞ்சம் இருங்க, இப்பத்தான் அவரு பெண்டாட்டி கோப்பி வாங்கப் போச்சு" என்றாள். வேறு சின்னையாவாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்போது நீங்கள் பிளாஸ்க்கோடு வந்தீர்கள். மிஸ்ஸி உங்களைக் காட்டி, "இதோ, இவங்கதான்" என்றாள். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. அவர் கட்டிலுக்குப் போனீர்கள். தலையணையைச் சரிசெய்தீர்கள். வேறெதையும் நான் பார்க்கவில்லை. கொண்டுபோன பூவைப் பெஞ்சியில் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். படியில் அப்பா பிடித்துக்கொண்டார்.

அவர் என்னை ஏமாற்றினார். அது அவர் குணம் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் ஏன் ஏமாற்றினீர்கள்? ஜூன் மாதத்திலிருந்து தெரியும். பெலாங்காஸைப் பற்றியெல்லாம் உங்களுக்கு எழுதினேனே. பூவில் நூல் கட்டியதை எழுதினேனே. அதையெல்லாம் படித்துக்கொண்டு, நான் அனுப்பிய பூவையும் விற்றுக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். உங்களை நம்பி நான் வளையல் கேட்டேன். வரக்கூடாது என்றால் எழுதுங்கள் என்று சொல்லியும் எழுதவில்லை. முன்பே ஒரு வரி எழுதியிருந்தால் அந்த வராந்தாவில் அப்படி நின்றிருக்கமாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு மல்லிகை வரிசையில் இறங்கிவிட்டார். "அவன் வச்ச செடி ஒண்ணும் இங்க இருக்கக்கூடாது" என்று பாதி வரிசையை வெட்டிவிட்டார். நான் போய்க் குறுக்கே நின்றேன். மீன் குடலை அவர் கொண்டுவந்திருக்கலாம். வெயிலில் நின்று தண்ணீர் ஊற்றியவள் நான். எல்லாம் என் செடி என்று கத்தினேன். அப்பா கத்தியைப் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்து அழுதார்.

இனிமேல் உங்களுக்குப் பூ வராது. சித்தியவானில் கொடுத்துக்கொள்கிறேன். எழுதவும் வேண்டாம்.

முத்தம்மா


புந்தோங், ஈப்போ,
20 செப்டம்பர் 1977

முத்தம்மாவுக்கு,

எழுதவேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதவேண்டியிருக்கிறது.

பெஞ்சியில் இருந்த பூவை நான்தான் எடுத்தேன். யாரோ நோயாளிக்குக் கொண்டுவந்து மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பொட்டலத்தைப் பிரித்தால் மணல் கொட்டியது. படியிறங்கி ஓடினேன். பஸ் ஸ்டேஷன் வரைக்கும் போனேன். உன் முகம் எனக்குத் தெரியாது. பெரிய வயிறோடு யாரைப் பார்த்தாலும் நீயோ என்று போய்ப் பார்த்தேன்.

ஏன் ஏமாற்றினேன் என்று கேட்டாய். செய்தது தப்பு.

அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கக்கத்தில் கட்டை வைத்து நடக்கிறார். ஒரு வாரம் சோறு போட்டேன். "நீ ஒரு வார்த்தை சொல்லு, அவள இங்கயே கூட்டிட்டு வந்துர்றேன், எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. "எங்க போறதுன்னாலும் போங்க. இங்க இருக்கவேணாம்" என்றேன். பையை எடுத்துக்கொண்டு நேற்றுக் காலை போய்விட்டார். லூமுட் பஸ்ஸைத்தான் கேட்டாராம்.

நான் அவரை உன்னிடம் அனுப்பவில்லை, முத்தம்மா. விட்டுக்கொடுக்கவும் இல்லை. அவர் போகிறார். சேர்ப்பதும் சேர்க்காததும் உன் இஷ்டம். என்னைப் பற்றி நினைத்து எதையும் செய்யாதே. உனக்குப் பிரசவம் நெருங்குகிறது. அதை மட்டும் பார்.

மங்களம்


லூமுட்,
22 நவம்பர் 1977

அக்காவுக்கு,

வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பழகிவிட்டது.

அக்டோபர் கடைசியில் பெண் பிறந்தது. இரண்டு நாள் வலி. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மாக் மினா என் கையை விடவே இல்லை. பிள்ளை சின்னதாக இருக்கிறது. ஆனால் அழுதால் கடல் சத்தத்துக்கு மேலே கேட்கிறது. நன்றாகப் பால் குடிக்கிறது.

நீங்கள் எழுதிய அதே வாரம் அவர் வந்தார். வேலிக்கு வெளியே கட்டையை ஊன்றிக்கொண்டு நின்றார். அப்பா உள்ளே விடவில்லை. நான்தான் வெளியே போனேன். இளைத்துப் போயிருந்தார். பார்த்ததும் எனக்கு மனசு இளகியது. பொய் சொல்ல விரும்பவில்லை, கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போடத்தான் நினைத்தேன். ஒன்றே ஒன்று கேட்டேன்.

"அக்காவ ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

"அவளுக்குத்தான் புள்ள இல்லையே முத்தம்மா. எத்தன வருஷம் பொறுக்குறது? ஆம்பள நான் என்ன செய்ய?" என்றார்.

வெட்கப்பட்டுச் சொல்லவில்லை அக்கா. நியாயம் சொல்கிற மாதிரி சொன்னார். நீங்கள் தலையணையைச் சரிசெய்தது எனக்கு ஞாபகம் வந்தது. "நாளைக்கு இன்னொருத்திகிட்டப் போனா என்னயப் பத்தி என்னா சொல்லுவீங்க?" என்று கேட்டேன். "ஏன் இப்படிப் பேசுற" என்றார். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். நிலையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். அவர் கட்டை மணலில் போகிற சத்தம் கேட்டது.

இப்போது ராமையா அண்ணனோடு லூமுட் மீன் கொட்டகையில் தங்கியிருக்கிறார். சாயங்காலத்தில் வேலி ஓரம் வருவார். பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டுவேன். கொஞ்ச நேரம் வைத்திருப்பார். அதற்கு மேல் இல்லை. பிள்ளைக்கு அப்பா. எனக்கு யாரென்று இன்னும் தெரியவில்லை. சில நாள் ராத்திரி அவர் சிரிப்பு காதில் கேட்கும். அதையும் உங்களிடம்தான் சொல்லமுடியும்.

மழை பிடித்துவிட்டது. அப்பா வெட்டின மல்லிகையில் நாலைந்து தவிர மற்றதெல்லாம் செத்துவிட்டது. அந்த இடத்தில் செவ்வந்தி போட்டிருக்கிறேன். மண்ணில் இன்னும் சத்து இருக்கிறது, வரும்.

உங்கள்மேல் கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். இருக்கிறது. பிள்ளையைப் பார்க்க வாருங்கள் என்று கூப்பிடவும் இல்லை. வந்தால் கதவைச் சாத்தமாட்டேன்.

முத்தம்மா


புந்தோங், ஈப்போ,
13 டிசம்பர் 1977

முத்தம்மாவுக்கு,

நேற்று உன் வீட்டிலிருந்து இங்கே வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. நல்லம்மாள் கடையைப் பூட்டிவிட்டுச் சாவியோடு காத்திருந்தாள். எங்கே போனேன் என்று அவள் கேட்கவில்லை. என் சேலை முந்தானையில் மணல் இருந்ததைப் பார்த்தாள்.

நாம் அதிகம் பேசவில்லை. அதுவும் நல்லதுதான். நீ பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுத் தண்ணீர் காயவைக்கப் போனாயே, அப்போது எனக்கு அழுகை வருமென்று பயந்தேன். வரவில்லை. கனமாக இருந்தாள், அவ்வளவுதான் தோன்றியது. தலையில் பால் வாடை. பிறகு உன் அப்பா வந்து, ஒரு இளநீரை வெட்டி என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

செடிகளைக் காட்டினாய். கடிதத்தில் படித்தபோது பெரிய தோட்டம் என்று நினைத்திருந்தேன். இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. இந்தக் கைப்பிடி இடத்தை நினைத்து எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. உன்னிடம் மறைத்து ஒரு தடவை பட்டது போதும். சாயங்காலம் நாம் பின்பக்கம் பலகையில் உட்கார்ந்திருந்தோம். நீ பிள்ளைக்கு எண்ணெய் தடவினாய், நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் உதைத்தாள். நாம் இரண்டு பேரும் சிரித்தோம். அப்போது அவர் வந்தார். பாரு மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றார். உனக்கு முதுகுப் பக்கம். நீ பார்த்திருக்கமாட்டாய்.

நம்மை ஒன்றாக அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. வேலிப் படலைத் திறக்கக் கை வைத்தார். என்னைப் பார்த்தார், உன் முதுகைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார். திரும்பி, வந்த வழியே நடந்தார். மெதுவாகத்தான் நடந்தார். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும்.

நான் கூப்பிடவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. உன் பிள்ளையைப் பார்க்க வந்தவரை நான் திருப்பி அனுப்பிவிட்டேனோ என்று பஸ் முழுக்க மனசு அடித்துக்கொண்டது. நீ கோபித்துக்கொண்டால் அது நியாயம்.

மங்களம்


லூமுட்,
17 டிசம்பர் 1977

அன்புள்ள அக்காவுக்கு,

பிள்ளைக்குச் சளி. ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. அதனால் இரண்டு வரிதான்.

அவர் வந்தது எனக்குத் தெரியும். மணலில் கட்டை ஊன்றுகிற சத்தம் பழகிவிட்டது. படலில் கை வைத்ததும் கேட்டது. நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் கூப்பிடவில்லை. நானும் திரும்பவில்லை. பிள்ளையின் இன்னொரு காலுக்கு எண்ணெய் தடவினேன்.

முத்தம்மா